லிங்லிங்-ஓ அணிகிறவர்கள்

லிங்லிங்-ஓ ஒரு வளையம். சுற்றி வந்து சேர வேண்டிய இடத்தில் சேராமல், ஒரு சின்ன வெட்டு விட்டு நின்றுவிடும். சிலவற்றின் வெளிவிளிம்பில் மூன்று கூரிய மொட்டுகள் இருக்கும். சிலவற்றில் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த விலங்குத் தலைகள் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதை இன்று காதில் தோடாகவும், கறுப்புக் கயிற்றில் கோத்த பதக்கமாகவும் போட்டுக்கொள்கிறார்கள். பித்தளையில் மலிவாகவே கிடைக்கும், வெள்ளியில் விலை கொஞ்சம் கூடும்.

துபாயில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் பிலிப்பினோக்கள் நிறையப் பேர். கொஞ்ச காலமாக அவர்களில் இளையவர்கள் காதில் இந்த வளையத்தை அடிக்கடி பார்க்கிறேன். கழுத்தில் சிலுவையும் காதில் லிங்லிங்-ஓவும் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு. என்ன இது என்று கேட்டால், "ஸ்பானியர் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் போட்டது, ஆத்தே" என்பார்கள். வயதில் மூத்த பெண்ணை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பதிலைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வரும். அந்தப் பெருமிதம்தான் என்னை இந்தப் பொருட்களின் பின்னால் போகவைத்தது.

அவர்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் புரியும். 1565இல் ஸ்பானியர் அங்கே நிலையாகக் குடியேறினார்கள், 1898 வரை ஆண்டார்கள். பிறகு அமெரிக்கா, 1946 வரை. இடையில் ஜப்பானியர். ஸ்பானிய ஆளுநர் நார்சிஸோ கிளவேரியா 1849இல் ஓர் ஆணை போட்டார்: குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் அச்சடித்த ஒரு பட்டியலிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். வரி வசூலுக்கு ஆட்களை அடையாளம் காண்பதற்காகச் செய்தது. பட்டியல் அகரவரிசையில் பிரித்து அனுப்பப்பட்டதால், இன்றும் சில ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள். ஸ்பானியப் பெயர், ஸ்பானியர் தந்த மதம், அமெரிக்கர் தந்த பள்ளிக்கூட ஆங்கிலம். இவற்றோடு வளர்ந்த ஒரு பெண் தன் பாட்டியின் பாட்டிக்கும் முந்தியவர்களிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து உடம்பில் மாட்டிக்கொள்ள நினைத்தால், அதை வெறும் ஃபேஷன் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஆனால் எதை எடுத்துக்கொள்கிறோம், அது எங்கிருந்து வந்தது, இன்று அது யாருடையது என்ற கதை அந்தப் பொருளோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது என் பிடிவாதம். கடைகளில் பெரும்பாலும் அந்தக் கதையைக் கத்தரித்துவிட்டு, 'ஆதிகாலச் சின்னம்' என்ற ஒரு சீட்டை மட்டும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கதையோ அந்த வளையத்தைவிட அழகானது.

பலாவான் தீவின் மேற்குக் கரையில் சுண்ணாம்புப் பாறைக்குள் தபோன் குகைகள் இருக்கின்றன. தொல்லியலாளர் ராபர்ட் ஃபாக்ஸ் தலைமையில் 1962 முதல் அங்கே தோண்டினார்கள். இறந்தவர்களின் எலும்புகளைத் தாழிகளில் வைத்த குகைகள் கிடைத்தன. புகழ்பெற்ற மனுங்குல் தாழியும் அங்கிருந்துதான் வந்தது. அதன் மூடியில் இரண்டு ஆட்கள் படகில் மறுஉலகுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பிலிப்பைன்ஸ் ஆயிரம் பேசோ நோட்டில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். அதே குகைத் தொகுதியில் பச்சை ஜேட் கல்லில் செய்த லிங்லிங்-ஓக்கள் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. இதே வடிவம், அச்சு அசலாக, கடலுக்கு அப்பால் வியட்நாமின் சா ஹுயின் பண்பாட்டுக் கல்லறைகளிலும், மலேசியாவின் சரவாக்கில் உள்ள நியா குகையிலும், கம்போடியாவிலும், தாய்லாந்தின் தென்பகுதியிலும் கிடைத்திருந்தது. சரி, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

அதற்கான விடை 2007இல் வெளிவந்தது. ஹுங் சியாவ்-சுன், பீட்டர் பெல்வுட், யோஷியுகி ஈசுகா முதலான ஆய்வாளர்கள் அந்த ஜேட் பொருட்களை எலெக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். உடைக்க வேண்டியதில்லை, கல்லின் வேதிக் கலவை தெரிந்துவிடும். பச்சைக் கல்லுக்குள் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அந்தப் புள்ளிகள் துத்தநாகம் கலந்த குரோமைட். அப்படிப்பட்ட கலவை கிழக்குத் தைவானில், ஹுவாலியன் அருகே ஃபெங்டியன் என்ற இடத்து ஜேட்டின் அடையாளம். ஆக, பலாவானில் புதைத்த காதணியின் கல் தைவான் மலையிலிருந்து வந்தது. வியட்நாமில் கிடைத்த பலவும் அதே மலைதான். தென்சீனக் கடலைச் சுற்றி சுமார் 3,000 கிலோமீட்டர் அகலத்துக்கு இந்தக் கல் பயணம் செய்திருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பத்தானெஸ். பிலிப்பைன்ஸின் வடகோடி, தைவானுக்கும் பிலிப்பைன்ஸின் பெரிய வடதீவான லூசோனுக்கும் நடுவே புயலில் நனைந்துகொண்டிருக்கும் சின்னத் தீவுகள். அங்கே இத்பயாத் தீவில் அனாரோ என்ற குன்றில் உடைந்த ஜேட் துண்டுகள் கிடைத்தன. சதுரமாக அறுத்த பலகைகள், அதில் வட்டமாகத் துளைத்து எடுத்தபின் மிஞ்சிய ஓரங்கள். அதாவது அது ஒரு பட்டறை. கல்லைப் படகில் கொண்டுவந்து, அங்கே உட்கார்ந்து அறுத்துத் துளைத்திருக்கிறார்கள். கல்லோடு சேர்ந்து கைவினைஞர்களும் தீவு தீவாகப் போனார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இவ்வளவு தூரத்துக்கு வடிவம் மாறாமல் இருக்க வேண்டுமானால், செய்த கைகளே பயணம் செய்திருக்க வேண்டும்.

இதே காலத்தில்தான் நம் பக்கத்துப் பொருட்களும் அந்தக் கடலுக்குள் வருகின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியதை நம்மில் பலர் ரோமானியப் பானைகளுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். மணிகளை ஆராய்கிறவர்களுக்கோ அரிக்கமேடு என்றால் பாசிமணி. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, திரும்பச் சூடாக்கி விளிம்பை மழுக்கினால் குட்டிக் குட்டி மணிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்காசியா வரை போயின. பிலிப்பைன்ஸின் பழைய புதைகுழிகளிலும் இவை ஏராளம். சூதுபவள மணிகளும் கூடவே வருகின்றன. எல்லாமே அரிக்கமேட்டில் செய்தவை என்று சொல்லிவிட முடியாது. பிற்பாடு தென்கிழக்காசியாவிலேயே பல துறைமுகங்களில் இதே முறையில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் தொழில் நுட்பம் தென்னிந்தியாவிலிருந்து போனது. ஒரு பிலிப்பினோ நண்பர் தன் ஊர் மலைக்காரர்களின் பழைய பாசிமணி மாலையைப் படத்தில் காட்டியபோது, அதில் இருந்த செங்கல் நிறச் சிவப்பை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. புதுச்சேரி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த நிறம் அது.

'காலனிக்கு முந்தைய' என்றவுடன் கடலால் சூழப்பட்டு, யாரும் தொடாமல், தூய்மையாக இருந்த ஒரு தீவைப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அந்தக் கற்பனை அந்த மக்களைச் சின்னவர்களாக்கிவிடுகிறது. தைவான் கல்லை வாங்கி, இந்திய மணியைக் கோத்து, சீனத்துக்குத் தூது அனுப்பி, தங்கத்தை மட்டும் தன் ஆற்று மணலிலிருந்து அரித்து எடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். லிங்லிங்-ஓவைப் போட்டுக்கொள்கிறவள் அந்தக் கடல்வழி முழுவதையும் போட்டுக்கொள்கிறாள் என்றால், அது எவ்வளவு பெரிய சொத்து.

தங்கத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

1981இல் மின்டனாவ் தீவின் சூரிகாவ் டெல் சூர் மாகாணத்தில், பாசன வேலைக்காகப் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மண்ணுக்குள் தங்கத்தைக் கண்டார். கைமாறிப் போனவை போக, மிஞ்சியவற்றில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ் மத்திய வங்கியிடமும் மக்காத்தியில் உள்ள அயாலா அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. அயாலாவில் அந்தத் தளத்துக்குள் நுழையும்போது விளக்கு குறைவாக இருக்கும், கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியும். கை வங்கிகள், அரைப்பட்டைகள், மணிக்கட்டு முதல் முழங்கை வரை அடுக்கும் காப்புகள், இறந்தவர் முகத்தில் வைக்கும் தங்க மூடிகள், பாதி பெண்ணும் பாதி பறவையுமான கின்னரி உருவத்தில் ஒரு சின்னப் பாத்திரம். நடுநாயகமாக ஒரு பட்டை. தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கி இடுப்புக்குச் சுற்றும் தங்கச் சங்கிலி. எடை ஏறக்குறைய 4 கிலோ. ஒரு தமிழருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பூணூல். நூலில் இருக்க வேண்டியதைத் தங்கத்தில் முறுக்கியிருக்கிறார்கள். வளையத்துக்குள் வளையம் நுழைத்து மடக்கிப் பின்னும் அந்தச் சங்கிலி வேலை அவ்வளவு நெருக்கம், துணி மாதிரி துவள்கிறது. பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் செய்தது என்கிறார்கள். இதை அணிந்தவர் யார், எந்தச் சடங்கில் அணிந்தார் என்று அதன் முன்னால் நின்று வெகுநேரம் யோசித்தேன்.

பக்கத்து அகூசானில் புத்துவான் என்ற துறைமுக அரசு இருந்தது. 1001இல் அங்கிருந்து சீனாவின் சோங் அரசவைக்குத் தூது போனதை அந்த அரசின் குறிப்புகள் சொல்கின்றன. 1521இல் மகெல்லனுடன் வந்த அந்தோனியோ பிகஃபெத்தா புத்துவான் அரசரைப் பார்த்து எழுதிவைத்தவற்றில் தங்கம்தான் நிறைய. தோள்வரை கறுத்த முடி, தலையில் பட்டு, காதில் இரண்டு பெரிய தங்க வளையங்கள், தங்கப் பிடி போட்ட குத்துவாள், ஒவ்வொரு பல்லிலும் மூன்று தங்கப் பொட்டுகள். பல்லில் தங்கம் பதிப்பது அங்கே உயர்ந்த அலங்காரம். பங்கசினானின் பொலினாவில் கிடைத்த ஒரு மண்டையோட்டில் பற்களின் மேல் மீன் செதில் மாதிரி தங்கத் தகடுகள் பதித்திருந்ததைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1590 வாக்கில் மணிலாவில் உருவான ஓவியச் சுவடி ஒன்றும் இருக்கிறது, பாக்ஸர் சுவடி என்பார்கள். அதில் தகாலோகுகள், விசாயர்கள் என்ற பிலிப்பைன்ஸ் மக்கள் நிற்கிற கோலத்தைப் பார்த்தால், இன்றைய நகை வடிவமைப்பாளர்கள் ஏன் திரும்பத் திரும்ப அதையே பிரதி எடுக்கிறார்கள் என்று விளங்கும்.

அந்தத் தங்கம் என்ன ஆனது? ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ டி மோர்கா 1609இல் வெளியிட்ட நூலில் இரண்டு விஷயம் எழுதுகிறார். தங்கச் சங்கிலியும் காப்பும் காதணியும் இல்லாதவன் அங்கே மிகவும் ஏழையாகத்தான் இருப்பான் என்கிறார். ஸ்பானியர் வந்தபிறகு மக்கள் தங்கம் தோண்டுவதில் வேகம் குறைந்து, முன்னோரிடமிருந்து வந்ததை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள் என்றும் சொல்கிறார். பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிசால் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து இந்த நூலைப் படியெடுத்து, தன் குறிப்புகளோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதன் தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டு 1890. நாங்கள் காட்டுமிராண்டிகளாக இருந்தபோது நீங்கள் வந்து நாகரிகம் தந்தீர்கள் என்ற பேச்சுக்கு, ஸ்பானியர் எழுதிய சொற்களாலேயே பதில் சொன்னார். இன்று காதில் லிங்லிங்-ஓ போடும் இருபது வயதுப் பெண்ணுக்கும் ரிசாலுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு இருப்பதாகவே நினைக்கிறேன்.

அகூசானில் 1917இல் வெள்ளம் வடிந்தபின் வாவா ஆற்றோரம் மனோபோ பழங்குடிப் பெண் ஒருத்தி கண்டெடுத்த தங்கச் சிலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சம்மணமிட்டு அமர்ந்த பெண் உருவம், 21 கேரட், கிட்டத்தட்ட 1.8 கிலோ. பௌத்தப் பெண்தெய்வம் தாரா என்கிறார்கள். தலையணி, ஆரம், வங்கி, ஒட்டியாணம் என்று உடம்பெல்லாம் நகை. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஓர் உடம்பில் எந்த நகை எந்த இடத்தில் உட்காரும் என்று பார்க்க இதைவிட நல்ல சான்று கிடையாது. 1922 முதல் அது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது திரும்பி வர வேண்டும் என்று பிலிப்பைன்ஸில் பலர் கேட்டுவருகிறார்கள். வர வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

இனி, கடைகளுக்கு வருகிறேன். 'காலனிக்கு முந்தைய' என்ற பெயரில் விற்பவற்றில் கொஞ்சம் அப்படி இல்லை. எட்டுக் கதிர் சூரியன் பதக்கம் அதில் முதல். அந்த எட்டுக் கதிர்கள் 1896இல் ஸ்பானியருக்கு எதிராக எழுந்த எட்டு மாகாணங்கள். கொடிக்கு 1898இல் வந்த சூரியன். பெருமைக்குரிய சின்னம்தான், ஆனால் அதன் பெருமை வேறு. தம்போரின் என்ற அழகான கழுத்தணி இன்னொன்று. மெல்லிய பொன்கம்பி வேலையில் செய்த உருண்டை மணிகள். அது ஜெபமாலையிலிருந்து வளர்ந்த ஸ்பானியக் காலத்து நகை. கை மட்டும் பழைய தட்டார்களின் கை. ஆந்திங்-ஆந்திங் எனப்படும் தாயத்துப் பதக்கங்களில் பெரும்பாலும் லத்தீன் எழுத்தும் கிறித்தவ உருவங்களும் இருக்கும், தாயத்து நம்பிக்கை மட்டும் அவற்றைவிடப் பழையது. எதையும் போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. தம்போரினைத் தம்போரின் என்று சொல்லியே விற்கலாம், அதன் அழகு குறையாது.

பக்குனாவா உண்மையிலேயே பழையது. விசாயர்களின் கடல் நாகம், நிலாவை விழுங்குவது. கிரகணத்தின்போது பாத்திரங்களைத் தட்டி ஓசையெழுப்பி அதைத் துப்பவைப்பார்கள். ராகுவை அறிந்த நமக்கு இது பரிச்சயமான பாம்பு. வாள் பிடிகளில் செதுக்கியிருந்த அந்தத் தலை இப்போது மோதிரங்களிலும் காது வளையங்களிலும் வாயைத் திறந்துகொண்டு வருகிறது. நிலாவைக் கவ்விய நிலையில் ஒரு வெள்ளி மோதிரம் பார்த்தேன், வேலை அருமை.

பைபாயின் எழுத்துப் பதக்கங்கள்தான் இப்போது அதிகம் விற்பவை. பெயரைச் சொன்னால் அந்தப் பழைய எழுத்தில் பித்தளையில் வெட்டித் தருவார்கள். பைபாயினும் தமிழ் எழுத்தும் பிராமியின் கிளைகள். அதனால் அது வேலை செய்யும் விதம் நமக்கு உடனே பிடிபடும். மூன்று உயிர், பதினான்கு மெய். மெய்யெழுத்தைச் சும்மா எழுதினால் அகரம் ஏறியே இருக்கும். மேலே ஒரு குறி போட்டால் இ அல்லது எ, கீழே போட்டால் உ அல்லது ஒ. அந்தக் குறிக்குக் குட்லித் என்று பெயர். நம் புள்ளிக்கு இணையான ஒன்று மட்டும் கிடையாது. அசையின் கடைசியில் வரும் மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள். மலை என்று பொருள்படும் 'புந்தோக்' பழைய முறையில் 'புதோ' என்றுதான் எழுதப்படும், மீதியை வாசிக்கிறவர் போட்டுக்கொள்வார். நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல் எழுதி, வாசிக்கிறவர் அறிவை நம்பி விட்டுவிட்டார்கள் அல்லவா? அதே நம்பிக்கை.

1620 வாக்கில் ஃபிரான்சிஸ்கோ லோப்பெஸ் என்ற பாதிரியார், இலோகானோ மொழியில் மறைநூல் அச்சிடுவதற்காக, அந்த மெய்யைக் காட்ட ஒரு புதுக்குறி சேர்த்தார். எழுத்தின் கீழே ஒரு சிலுவை. அந்த மக்கள் பார்த்துவிட்டு, வேண்டாம், எங்களுக்குப் பழையதே போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைய பதக்கங்களில் பெரும்பாலும் அந்தச் சிலுவைக் குறி இருக்கிறது. பெயர் தெளிவாக வாசிக்க வேண்டுமே என்பதற்காகப் போடுகிறார்கள். அதற்குப் பதில் பமுத்போத் என்ற குறியைச் சிலர் வைக்கிறார்கள். மின்டோரோ மலைகளில் வாழும் ஹனுனோ மங்யான் மக்களின் எழுத்துக்காக, அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஆந்தூன் போஸ்ட்மா இருபதாம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்தது அது. பிலிப்பைன்ஸில் கிடைத்த லகுனா செப்பேட்டைப் படித்தவரும் இதே போஸ்ட்மாதான். சக ஆண்டு 822, அதாவது பொது ஆண்டு 900. 'ஸ்வஸ்தி' என்று தொடங்கும், தங்கத்தில் கணக்கிட்ட கடனைத் தள்ளுபடி செய்த பட்டயம். கல்வெட்டு வாசித்துப் பழகிய தமிழருக்கு முதல் வரியே சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

என் தோழி ஒருத்தி தன் பாட்டியின் பெயரைப் பதக்கமாகச் செய்யச் சொன்னாள். லிகாயா என்ற பெயர். எல்லா அசையும் உயிரில் முடிவதால் எந்தக் குறிச் சண்டையும் இல்லாமல் அழகாக மூன்று எழுத்தில் முடிந்துவிட்டது. தன் பெயரையும் கேட்டாள். அது மெய்யில் முடிகிறது. சிலுவைக் குறி யார் போட்டது என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசி மெய்யே வேண்டாம், பழைய முறையில் விட்டுவிடுங்கள் என்று பதக்கம் செய்கிறவருக்குச் செய்தி அனுப்பினாள். வாசிக்கிறவர்கள் என்னைத் தெரிந்தவர்களாக இருந்தால் சரியாக வாசிப்பார்கள் என்றாள்.

எழுத்து இறந்துபோய்விட்டது, நாங்கள் உயிர்ப்பிக்கிறோம் என்று சில விளம்பரங்களில் வரும்போது எனக்கு மங்யான்கள் நினைவு வந்து வருத்தமாகிவிடும். ஹனுனோ, புஹித் மக்களும் பலாவானின் தக்பன்வா மக்களும் தங்கள் எழுத்தை விடவே இல்லை. ஹனுனோக்கள் அம்பஹான் பாடல்களைக் கத்திமுனையால் மூங்கிலில் கீறி வைக்கிறார்கள். இந்த எழுத்துகளை யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தலைநகரக் கடையில் பதக்கம் விற்கிறவர்கள் அவர்கள் பெயரை ஒரு வரியாவது எழுதலாம்.

நகைக்கும் இது பொருந்தும். லிங்லிங்-ஓ என்ற பெயரே இஃபுகாவ் மலைக்காரர்களிடமிருந்து வந்தது. கல் போய், உலோகம் வந்தபின்னும் அந்த வடிவத்தை வார்த்து, அணிந்து, வளத்தின் அடையாளமாகப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் லூசோனின் மலைமக்கள். மின்டனாவில் லேக் சேபு ஏரிக்கரையில் வாழும் திபோலி மக்கள் இன்றும் பித்தளை வார்க்கிறார்கள். தேன்மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடியபின் அந்தக் குழிவில் பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி ஊற்றுவார்கள். சுவாமிமலையில் செய்கிற அதே மெழுகு வார்ப்பு. வார்ப்புக்கு வார்ப்பு அச்சை உடைத்தாக வேண்டும், அதனால் எந்த இரண்டும் ஒன்றுபோல இருக்காது. திபோலிப் பெண்களின் இடுப்புப் பட்டையில் குட்டி மணிகள் வரிசையாகத் தொங்கும், ஆள் வருவதற்கு முன் ஓசை வந்துவிடும். அவர்களில் வார்ப்புக் கலைஞரான புந்தோஸ் பான்சில் ஃபாராவை 2023இல் தேசிய வாழும் செல்வம் என்று அரசு அறிவித்தது.

அதே திபோலிகள் நெய்யும் தினாலக் துணியும் கைப்பை, பர்ஸ், காலணிப் பட்டை என்று எங்கும் வருகிறது. வாழை இனத்துச் செடியான அபாக்காவின் நாரில், கனவில் கண்ட கோலங்களை நெய்வது. லாங் துலாய் அந்தக் கலையின் பேராசான், 2015இல் மறைந்தார். அந்தத் துணியை வெட்டினால் நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. விற்கும்போது அபாக்காவின் ஆவியைச் சமாதானப்படுத்த ஒரு பித்தளை வளையம் கட்டிக் கொடுப்பதும் உண்டு. அப்படிப்பட்ட துணியைத் துண்டு துண்டாக வெட்டிச் சாவிக்கொத்து செய்து விற்பதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. நெய்தவர்களே சம்மதித்து வெட்டிக் கொடுத்தால் அது அவர்கள் முடிவு. யாரையும் கேட்காமல் செய்தால் தவறு. பழங்குடி உரிமைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அந்த மக்களின் பண்பாட்டுச் சொத்தை எடுக்க முன்கூட்டிய, தெரிந்து கொடுத்த சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது.

லூசோன் மலைகளில் வாழும் கலிங்கா மக்களின் பச்சைக்கோலங்களிலும் இதே கேள்வி. புஸ்கலான் மலைக்கிராமத்தில் வாங்-ஓத் பாட்டி நூறு வயது தாண்டியும் முள்ளால் தட்டிப் பச்சை குத்துகிறார். அவரைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பூரான், பாம்புச் செதில், பெரணி என்று கோலங்கள். பெண்கள் அழகுக்காகக் குத்திக்கொண்ட கோலங்களைக் காப்பில் பொறித்தால் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. போரில் போய் வந்த ஆண்கள் மட்டும் மார்பில் பெற்ற கோலம் வேறு. அது சம்பாதித்துப் பெற்றது, அதைப் பதக்கத்தில் தொங்கவிட நான் ஒப்ப மாட்டேன். புலூலும் அப்படி. இஃபுகாவ் களஞ்சியத்தில் நெல்லைக் காக்கும் மர உருவம். பன்றி ரத்தமும் அரிசிக் கள்ளும் தெளித்துச் சடங்கு செய்தபின்தான் அதற்கு உயிர். இஃபுகாவ் தச்சர்களே விற்பனைக்குச் சடங்கில்லாமல் செதுக்குவதை வாங்கலாம், அது அவர்கள் பிழைப்பு. களஞ்சியத்திலிருந்து எடுத்த பழையது சந்தைக்கு வந்தால் தொடவே கூடாது.

இப்போது யாராவது என்னிடம் எங்கே வாங்குவது என்று கேட்டால், கடை பெயர் சொல்வதில்லை. விற்கிறவரிடம் நான்கு விஷயம் கேட்கச் சொல்கிறேன். எந்த உலோகம், வார்த்தவர் பெயர் என்ன, எந்த ஊர், இந்த வடிவத்தின் மூலம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், கேட்காமலே இன்னும் பத்து விஷயம் சொல்வார்கள். போன முறை என் தோழி மணிலாவிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தோடு ஜோடியோடு ஒரு சின்ன அட்டை இருந்தது. லேக் சேபு, வார்த்தவர் பெயர், மாதிரி எடுத்தது தபோன் குகை ஜேட். விலையும், அதில் வார்த்தவருக்குப் போனது எவ்வளவு என்பதும் கீழே அச்சிட்டிருந்தது. எனக்கும் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன்.